பிரித்து வைத்த அம்பாசடர் எஞ்சின்

நான்கு சிலிண்டர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாசடர் கார் பல்லாண்டு ஓடியது இதில்தான். செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கு ஆளேற்றிப் போன வாடகைக் கார்களுக்கும் இதுவே.

நீலப்புகை தள்ளி, ஆயில் குடிக்க ஆரம்பித்தால் மெக்கானிக் எஞ்சினை இறக்கிவிடுவார். ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர் துளையான போரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் வருடுவார். நகம் தடுக்கினால் அங்கே படி விழுந்துவிட்டது என்று பொருள். மேல் ரிங் நின்று திரும்பும் இடம் அது. சூடு அதிகம், ஆயில் குறைவு, தேய்மானமும் அங்கேதான் அதிகம்.

ஆயில் சம்பில் வெள்ளித்தூள் கிடந்தால் பிஸ்டனைச் சந்தேகிக்கலாம். செம்புநிறத் தூள் என்றால் பேரிங். இடப்பக்க பேரிங் ஓட்டில் மேற்பூச்சு போய்ச் செம்பு தெரிவதைப் பாருங்கள். கிராங்க் தப்பித்ததா என்பதை மைக்ரோமீட்டர்தான் சொல்லும். கண்ணளவை நம்பி பழைய பேரிங்கையே மாட்டுவது வீண் சிக்கனம்.

கனெக்டிங் ராடு கேப்புகளில் எண் குத்தியிருப்பது சும்மா இல்லை: ஒன்றின் கேப்பை இன்னொன்றில் மாட்டக் கூடாது. போர் தேய்ந்திருந்தால் பிளாக் பட்டறைக்குப் போகும். துளையைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது.

தொட்டுப் பார்க்கலாம், ரிங் ஓரங்கள் கூர்மையானவை, கை பத்திரம்.