வேரில் பழுத்த சிவப்பு

பிலிப்பி நகரத்து ஆற்றங்கரையில் பவுலின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த லீதியாளைச் சென்ற வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் பவுலின் பேச்சைக் கேட்டுக் கிறிஸ்தவளான வியாபாரி அவள். இந்த வாரம் அவள் வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவளான பிராமணப் பெண் பாளையங்கோட்டைக் கிளாரிந்தாவிடம் போவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் வாசற்படியிலேயே அவள் விற்ற சரக்கின் பெயர் என் காலைக் கட்டிவிட்டது.

தமிழ் வேதாகமம் அவளை இரத்தாம்பரம் விற்கிறவள் என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் ஊதாச் சரக்கு விற்பவளைக் குறிக்கும். ஊதா என்றதும், மத்தியதரைக் கடலின் நத்தைகளிலிருந்து ரோமச் சக்கரவர்த்திகளின் அங்கிக்காக எடுத்த சாயந்தான் எல்லாருடைய நினைவுக்கும் வரும். 1909ஆம் ஆண்டில் பிரீட்லெண்டர் என்ற ரசாயன அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் 1.4 கிராமே என்றால், அந்த அங்கியின் விலையை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம். லீதியாளின் சொந்த ஊரான தியத்தீராவோ, இன்று துருக்கியில் அக்கிசார் என வழங்கும் உள்நாட்டு நகரம். சாயக்காரர் சங்கம் ஒன்று அங்கே இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அச்சங்கத்தார் நம்பியிருந்தது கடல் நத்தையை அன்று, நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிவந்த வேரையே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், செவ்வாடை என்று பொருள்படும் சம்ஸ்கிருதச் சொல்லை எடுத்தாண்ட நம் மொழிபெயர்ப்பாளர், அறிந்தோ அறியாமலோ, அவளுடைய கடைச் சரக்கைச் சரியாகவே இனங்கண்டிருக்கிறார்!

அந்த வேரின் பங்காளி ஒன்று நான் குடியிருக்கும் ஐதராபாத்தின் சரித்திரத்திலும் ஓடுகிறது. கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில், 1611இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய மசூலிப்பட்டணத் துறையிலிருந்து கப்பலேறிய வண்ணத் துணிகளின் சிவப்பு, கடற்கரை மணலில் விளைந்த சாயவேரின் சிவப்பு. நம் வைத்தியர்கள் இம்பூறல் என்று சொல்வார்களே, அதுவேதான். துணியைக் கடுக்காய் நீரிலும் பாலிலும் நனைத்து உலர்த்தி, படிகார நீரைத் தொட்டுச் சித்திரம் வரைந்து, பிறகு வேரோடு கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மாத்திரமே செக்கச்செவேலெனச் சிவக்கும்.

இந்தப் பித்துத் தலைக்கேறிப் பத்தர்கட்டித் துணிக்கடை வரிசையில் போன வாரம் ஒரு முதியவரிடம் சிவப்புத் துணி கேட்டேன். அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, துணியின் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, கறைபடாத விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, “பக்கா ரங்கு, சாப்!” என்றார். வேர்ச்சாயமா என்றேன். “வேராவது, சாப்! டின்னில் வருகிறது” என்று சிரித்தார். அவர் சொன்னது மெய்தான். 1868இல் இரண்டு ஜெர்மானியர் அந்த வேரின் செஞ்சாரத்தை நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டிய பிறகு, தியத்தீராவின் வேருக்கும் நம் சாயவேருக்கும் சந்தையில் மதிப்பில்லாமல் போயிற்று. லீதியாளும் பிலிப்பிச் சந்தையில் இப்படித்தான் விரலைத் தேய்த்துக் காட்டியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு, அத்துணியில் இரண்டு கஜம் வாங்கி வந்தேன். வீட்டில் கிடைத்த வரவேற்பு இத்தொடருக்குச் சம்பந்தமில்லாதது.

அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல மிஞ்சியிருப்பது கொஞ்சமே. வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள். கணவனைப் பற்றிய பேச்சே இல்லை. பவுலையும் உடன் வந்தவர்களையும் வற்புறுத்தித் தன் வீட்டில் தங்க வைத்தாள். சிறையிலிருந்து விடுபட்ட பவுலும் சீலாவும் முதலில் போனதும் அங்கேதான். வீட்டைச் சபைக்குத் திறந்துவிட அவளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை என்பதே என் துணிபு; கைம்பெண்ணான கிளாரிந்தாவுக்கு அத்தனை எளிதாகக் கதவு திறக்கவில்லை. 1778இல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும், அதற்கு முன் மறுத்ததையும் அடுத்த வாரம் நிச்சயமாக எழுதுகிறேன். அவள் 1785இல் எழுப்பிய கோயிலுக்குப் பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பெயர்.