மடல் எங்கே இருக்கிறது?

காகிதத்தில் எழுதிய கடிதம் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். அஞ்சல் பெட்டியில் இருக்கும். அஞ்சல்காரரின் பையில் இருக்கும். அல்லது வீட்டு மேசையின் இழுப்பறையில் இருக்கும். மின்னஞ்சல் அப்படியன்று. ஒரே மடலின் படிகள் தொலைவில் உள்ள ஒரு கணினியிலும், வீட்டு மேசைக் கணினியிலும், அம்மாவின் திறன்பேசியிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். சில வேளைகளில் ஒன்றில் மட்டும் இருந்து, மற்றவற்றில் இல்லாமலும் போகலாம். எனவே, "மடலைக் காணவில்லை" என்று வீட்டில் ஒருவர் கூறினால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "அது இப்போது எங்கே இருக்கிறது?" என்பதே. இதற்கு விடை காணாமல் கணினியைத் திருத்த முற்படுவோர், இருக்கும் மடல்களையும் இழக்க நேரிடும்.

மடல் செல்லும் வழி

1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட '@' என்னும் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டது.

ஒருவர் அனுப்பும் மடல், பெறுபவரின் கணினிக்கு நேராகச் செல்வதில்லை. அனுப்புபவரின் அஞ்சல் நிறுவனத்தில் உள்ள கணினிக்கு முதலில் செல்கிறது. அங்கிருந்து பெறுபவரின் அஞ்சல் நிறுவனத்தில் உள்ள கணினிக்குச் செல்கிறது. இரவும் பகலும் இயங்கும் இத்தகைய கணினியை 'வழங்கி' என்பர். இதனை ஊர் அஞ்சல் நிலையத்திற்கு ஒப்பிடலாம். உலாவியைத் திறந்து மின்னஞ்சலைப் படிப்பவர், அஞ்சல் நிலையத்திற்கே சென்று தம் மடலைப் பார்ப்பவரைப் போன்றவர். தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருளைக் கணினியில் நிறுவியவரோ, மடலைத் தம் வீட்டிற்கே வரவழைத்துக்கொள்பவரைப் போன்றவர்.

இரண்டு நெறிமுறைகள்

வழங்கியிலிருந்து மடலைப் பெறுவதற்கு இரண்டு நெறிமுறைகள் உள்ளன. முதலாவது 'பாப்' என்பது. இது 1984இல் உருவானது. அக்காலத்தில் பலரும் தொலைபேசிக் கம்பி வழியாகவே கணினிகளை இணைத்தனர். இணைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பணம் செலவாகும். ஆகவே, வழங்கியில் உள்ள மடல்களை விரைவாக வீட்டுக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடுவது சிக்கனமாக இருந்தது. எடுத்த மடல்கள் வழங்கியிலிருந்து உடனே நீக்கப்படும். அல்லது பயனர் குறித்த நாள் வரை அங்கே வைக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்படும்.

இரண்டாவது 'ஐமேப்' என்பது. மார்க் கிரிஸ்பின் என்பவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1986இல் இதனை உருவாக்கினார். இம்முறையில் மடல்கள் வழங்கியிலேயே தங்கியிருக்கும். கணினி, திறன்பேசி ஆகிய ஒவ்வொன்றும் அம்மடல்களைக் காட்டும் சாளரமாக அமையும். ஒரு கருவியில் படித்த மடல், பிற கருவிகளிலும் படித்ததாகவே தோன்றும். ஒரு கருவியில் நீக்கிய மடல், எல்லாக் கருவிகளிலிருந்தும் மறைந்துவிடும்.

ஒரு வீடும் மூன்று குறைகளும்

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குடும்பத்திற்குப் பொதுவாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் அப்பா அதனை மேசைக் கணினியில் உள்ள தண்டர்பேர்டு மென்பொருளில் பாப் முறையில் அமைத்தார். பின்னர் அம்மாவின் திறன்பேசியில் அதே முகவரி ஐமேப் முறையில் அமைக்கப்பட்டது. கும்பகோணத்தில் வாழ்ந்த தாத்தா, ஞாயிறுதோறும் அம்முகவரிக்குத் தமிழில் மடல் எழுதிவந்தார். தெருவில் நடந்த தேரோட்டம், கொல்லையில் பூத்த பவழமல்லி, காவிரியில் வந்த புதுவெள்ளம் எனப் பலவற்றையும் அவர் எழுதினார். அம்மடல்களை எழுத்துக்கூட்டிப் படித்தே பேரப்பிள்ளைகள் தமிழ் கற்றனர். தாத்தா இப்போது இல்லை. அவருடைய மடல்கள் இருக்கின்றன.

இவ்வீட்டில் மூன்று குறைகள் தோன்றின. திறன்பேசிக்கு வரும் மடல்கள் 14 நாள்களுக்குப் பின் தாமாகவே மறைந்தன. மேசைக் கணினியிலிருந்து அனுப்பிய மடல்கள், திறன்பேசியின் 'அனுப்பியவை' பகுதியில் தோன்றவில்லை. திறன்பேசியில் நீக்கிய மடல்களோ மேசைக் கணினியில் அப்படியே இருந்தன. திறன்பேசி பழுதாகிவிட்டது என்று அம்மா எண்ணினார். "அப்பா, கணினியில் உள்ள கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றாள் மூத்த மகள். "பொறு, அம்மா! தாத்தாவின் மடல்கள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம்" என்றார் அப்பா.

அவர் உலாவியைத் திறந்து, வழங்கியில் இருந்த உள்பெட்டியைப் பார்த்தார். அங்குக் கடந்த இரண்டு வாரத்து மடல்கள் மட்டுமே இருந்தன. தாத்தாவின் மடல் ஒன்றும் இல்லை. மேசைக் கணினியில் அனைத்தும் இருந்தன. மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே என்பது அப்போது விளங்கிற்று. மேசைக் கணினி மடல்களை எடுத்துக்கொண்டு, 14 நாள்களுக்குப் பின் அவற்றை வழங்கியிலிருந்து நீக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. வழங்கியில் இல்லாததைத் திறன்பேசி காட்ட இயலாது. பாப் முறையில் அனுப்பிய மடலின் படி, அனுப்பிய கணினியிலேயே தங்கிவிடும். அம்முறையில் எடுத்த மடல்கள், பிற கருவிகளில் நிகழும் மாற்றங்களைப் பின்தொடர்வதுமில்லை. ஆக, எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொன்னதையே செய்தது. மகள் கூறியவாறு கணக்கையும் அதன் தரவையும் நீக்கியிருந்தால், தாத்தாவின் மடல்கள் உலகில் எங்கும் இல்லாமல் போயிருக்கும்.

முதலில் காப்பு, பின்னர் திருத்தம்

தண்டர்பேர்டு மென்பொருள், ஒரு பயனரின் மடல்கள், முகவரிகள், அமைப்புகள் ஆகிய அனைத்தையும் 'சுயவிவரம்' என்னும் ஒரே கோப்புறையில் வைக்கிறது. மென்பொருளை மூடிவிட்டு அக்கோப்புறையை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்தால், எல்லாம் காப்பாற்றப்படும். மென்பொருள் இயங்கும்போது படியெடுத்தால், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகள் குறையாகப் பதியக்கூடும்.

அப்பா முதலில் இதனைச் செய்தார். எடுத்த படியில் தாத்தாவின் மடல்கள் திறக்கின்றனவா என்பதையும் சரிபார்த்தார். பின்னர் பழைய கணக்கு தானாக மடல் எடுப்பதை நிறுத்தினார். அதனை நீக்காமலேயே, அதே முகவரியை ஐமேப் முறையில் புதிய கணக்காகச் சேர்த்தார். பழைய மடல்களைச் சிறுசிறு தொகுதிகளாகப் புதிய கணக்கின் கோப்புறைக்குப் படியெடுத்தார். ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் எண்ணிக்கை ஒத்துள்ளதா என்று பார்த்தார். அன்று மாலை அம்மாவின் திறன்பேசியில் தாத்தாவின் மடல்கள் தோன்றின. ஆயினும் வெளிவட்டில் உள்ள படி அழிக்கப்படவில்லை. ஐமேப் முறையில் ஒருவர் தவறி நீக்கினால் எல்லோருக்கும் நீங்கிவிடும்; ஆதலால் தனியான காப்புப்படி என்றும் தேவை.

பழுதைக் கண்டறியும் முறை

மேற்கூறிய நிகழ்வில் பயன்பட்ட முறை பிற குறைகளுக்கும் பொருந்தும். அம்முறை மூன்று கேள்விகளைக் கொண்டது.

முதற்கேள்வி: மடல் வழங்கியில் இருக்கிறதா? உலாவியில் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கு இருந்தால், குறை கருவியில் உள்ளது. அங்கு இல்லையெனில், குப்பைப் பெட்டி, வேண்டாமடல் பெட்டி, பிற கருவிகள் ஆகியவற்றில் தேடவேண்டும். மேசைக் கணினியில் அமைத்த ஒரு வடிகட்டி, வரும் மடலை அக்கணினியின் உள்ளகக் கோப்புறைக்கு மாற்றியிருக்கலாம். அவ்வாறு மாற்றிய மடல், கணினியைத் திறந்தவுடன் பிற கருவிகளிலிருந்து மறைந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: குறை ஒரு கருவிக்கு உரியதா, எல்லாவற்றுக்கும் உரியதா? எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் குறை தோன்றினால், காரணம் வழங்கியிலோ வீட்டு இணைய இணைப்பிலோ இருக்கலாம். ஒன்றில் மட்டும் தோன்றினால், அதனை மட்டும் ஆராய்ந்தால் போதும். மடல் வருகிறது, ஆனால் செல்லவில்லை எனில், வெளிச்செல்லும் வழங்கியின் அமைப்பைப் பார்க்கவேண்டும். அது தனியான அமைப்பாகும். பட்டியலில் ஒரு தலைப்பும் உள்ளே வேறொரு மடலும் தோன்றினால், மடல்களின் அகரவரிசைப் பட்டியல் போன்ற சுட்டுக்கோப்பு பழுதாகியிருக்கலாம். கோப்புறையின் பண்புகளில் உள்ள 'பழுதுநீக்கு' என்னும் பொத்தான் அதனைப் புதிதாக அமைக்கும்.

மூன்றாம் கேள்வி: அண்மையில் என்ன மாறியது? ஒருவர் தம் திறன்பேசியில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார். மேசைக் கணினியோ பழைய கடவுச்சொல்லையே மீண்டும் மீண்டும் அனுப்பி மறுக்கப்படும். நீண்ட காலம் பயன்படுத்தாத கணினியின் உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து, தேதி தவறாகியிருக்கும். தேதி தவறானால் பாதுகாப்பான இணைப்பை மென்பொருள் ஏற்காது. புதிதாகச் சேர்த்த துணைநிரல் ஒன்றும் காரணமாகலாம். துணைநிரல்களை நிறுத்திவைத்துத் தொடங்கும் வசதி தண்டர்பேர்டில் உண்டு. அவ்வாறு தொடங்கும்போது குறை நீங்கினால், காரணம் துணைநிரலே எனக் கொள்ளலாம்.

விடை கண்ட பின்னும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்யவேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், எது குறையை நீக்கிற்று என்பது தெரியாமற் போகும்.

ஒரு கணினி, பல பயனர்கள்

ஒரே கணினியை வீட்டில் பலர் பயன்படுத்துவது இயல்பு. அனைவரும் ஒரே பயனர் பெயரில் நுழைந்தால், ஒருவரின் மடலை மற்றவர் காண்பர்; ஒருவரின் வடிகட்டி மற்றவரின் மடலையும் இடம் மாற்றக்கூடும். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைத்தால், ஒவ்வொருவருக்கும் தனிச் சுயவிவரம் அமையும். ஒரு சுயவிவரத்தை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே பயன்படுத்த இயலும். அதற்கெனப் பூட்டுக்கோப்பு ஒன்று உண்டு. ஆகவே, ஒரே சுயவிவரத்தைப் பொது வட்டில் வைத்து, இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறக்க முயல்வது தவறு. பல கருவிகளில் ஒரே மடல்களைக் காண விரும்புவோர்க்கு ஐமேப் முறையே ஏற்றது.

கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். மென்பொருளை மீண்டும் நிறுவலாம். ஆனால், ஒருவர் எழுதிய மடலை அவரன்றி வேறெவரும் மீண்டும் எழுதித் தர இயலாது. ஆதலால், மடல் இருக்கும் இடத்தை அறிந்து, அதனைப் படியெடுத்து வைத்த பின்னரே திருத்தத்தில் இறங்குதல் வேண்டும்.

வினாக்கள்

1. பாப், ஐமேப் ஆகிய இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. பாடத்தில் வரும் குடும்பத்தில் தோன்றிய மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே என்பதை விளக்குக.
3. மகள் கூறிய வழியை அப்பா ஏற்காததன் காரணம் யாது?
4. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய மடல் எங்கே இருக்கிறது? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.