உழவு வண்டியில் ஒலிக்கும் ஆட்டப்பாட்டு

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களுக்கும், பனி உறையும் சுவீடன் நாட்டுச் சிற்றூர்களுக்கும் என்ன உறவு இருத்தல் கூடும்? கடலும் மலையும் இடையே கிடப்பினும் ஓர் உறவு உண்டு. உழவு வண்டியும், அதன்மேல் அமர்ந்து இளைஞர் எழுப்பும் ஆட்டப்பாட்டுமே அது.

தம்பலகாமத்திலே உழவு இயந்திரம் வயலை உழுவதோடு ஓய்வதில்லை. பின்னால் பெட்டியைப் பூட்டிவிட்டால் நெல் மூட்டைகளைச் சுமக்கும். திருவிழாக் காலத்தில் ஆதிகோணநாயகர் ஆலயத்திற்குக் குடும்பத்தையே ஏற்றிச் செல்லும். ஒலிபெருக்கி ஒன்றும் கிடைத்துவிட்டால், இளைஞர்களுக்கு அதுவே தேர், அதுவே மேடை.

சுவீடனிலோ கதை மறுதலையாக நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே உழவு இயந்திரங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. விவசாயிகள் பழைய மோட்டார்க் கார்களை வெட்டி மாற்றி உழவு இயந்திரங்களாக்கினர். மலிவுப் பொருள் விற்ற ‘எப்பா’ என்னும் கடைகளின் பெயரையே அவ்வண்டிகளுக்கும் மக்கள் சூட்டினர். உழவு வண்டி என்று சட்டம் கருதுவதால், மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் அது ஓடலாகாது. ஆனால் 15 வயதிலேயே அதனை ஓட்ட உரிமை உண்டு. 1975-இல் அரசு அதற்கு முடிவுகட்ட முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது, வண்டி பிழைத்துக்கொண்டது. பேருந்து அரிதாக வரும் ஊர்களில், மாலையானதும் நண்பர்கள் கூடும் திண்ணையாக இன்றும் அது விளங்குகின்றது.

அந்த வண்டிகளுக்குள்ளிருந்தே ‘எப்பாடுங்க்’ என்னும் ஆட்ட இசை புகழ் பெற்றது. ‘டுங்க்’ என்பது ‘தும் தும்’ என்று இடிக்கும் ஓசையைக் குறிக்கும். முகமூடி அணிந்து பாடும் ‘ஹூயா’ குழுவினர் இவ்விசையால் பெயர் பெற்றனர். இதே வகையைச் சேர்ந்த ‘ஃப்ரேக்கன் ஸ்னுஸ்க்’ என்னும் முகமூடிப் பாடகி, 2024-இல் அந்நாட்டின் பெரிய தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியிலேயே தோன்றினார்.

இவ்விசை ஏன் இடிபோல் ஒலிக்க வேண்டும்? ஓடும் வண்டியில் இயந்திர இரைச்சல் நுண்ணிய இசையை விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதியில் எழும் அதிர்வோ இருக்கையின் வழியே உடலிலும் உணரப்படும். ஆகையால் எளிய மெட்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி, அழுத்தமான தாளம் ஆகிய மூன்றும் வண்டிப் பாட்டின் இலக்கணமாகிவிட்டன.

அந்த இலக்கணம் நமக்குப் புதிதன்று. சுற்றுலாப் பேருந்தில் கைதட்டிப் பாடும் பைலாவும் அதனையே பின்பற்றுகின்றது. ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது பைலா என்னும் பெயர். போர்த்துக்கேயரும், அவர்களால் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களும் இத்தீவில் விட்டுச் சென்ற இசையே அதன் மூலம். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் அம்மரபைப் பேணி வந்துள்ளனர். 1940-களில் பொலிஸ் சேவையிலிருந்த வாலி பஸ்தியன் சிங்களத்தில் பைலாவை வளர்த்தார். பின்னர் நித்தி கனகரத்தினமும், 2018-இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனும் அத்தாளத்தில் தமிழைத் துள்ள வைத்தனர். மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டுவித்தது.

பைலாவைக் கூத்தடிக்கும் கூட்டத்தின் பாட்டென்று முகஞ்சுளித்தோர் ஒரு காலத்தில் பலர். இன்று அது கலியாண வீட்டிலும் ஒலிக்கின்றது. எப்பாடுங்க் பாடல்களில் மதுவும் ஆபாசமும் மிகுதி என்று சுவீடனில் எழும் முறைப்பாடும் பொய்யன்று. ஆயினும் தாளத்தின் மீது குற்றமில்லை. அதில் ஏற்றும் சொல்லே சீர்தூக்கத் தக்கது.

சொல்லைவிட உடனடியான கேடுகளும் உள. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலானால் 4 மணி நேரமே என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு கூறுகின்றது. ஒலி பத்து டெசிபல் ஏறினால், கேட்கத் தகும் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது! கெட்ட செவியை மருந்தால் மீட்பதும் அரிது. இனி, உழவு இயந்திரப் பெட்டியோ மூட்டைகளுக்காக அமைந்தது; ஆட்களைத் தாங்கிப் பிடிக்க அதில் ஆசனமுமில்லை, பட்டியுமில்லை. சுவீடனில் இத்தகைய வண்டிகளால் விபத்துகள் பெருகவே, 2023-இல் ஆசனப்பட்டி பற்றிய விதிகளை இறுக்கினர். வண்டியையும் பாட்டையும் அவர்கள் தடை செய்துவிடவில்லை. உயிருக்கு மட்டும் காவல் தேடினர்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக் கூடுவது, கூடுவதற்கு வேறிடம் இல்லாமையாலும் இருக்கலாம். சனசமூக நிலையத்தில் ஒரு மாலைப் பொழுதை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் நின்று ஆடாதீர்கள். வண்டியைக் களத்துமேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி ஆடுங்கள். இயந்திரம் ஓய்ந்தபின் பாட்டை உரக்க வைக்க வேண்டிய தேவையும் இராது. அதன் சொல்லும் செவ்வையாய்க் கேட்கும். அச்சொல் கேட்கத் தக்கதாயின், வீட்டுப் பெரியவர்களும் உங்களோடு சேர்ந்து கைதட்டுவர்.