டி.வி.யில் ஒரு கோகு, டிஸ்க்கில் ஒரு கோகு!

ஒரே கார்ட்டூன், ஒரே காட்சி. ஆனால் டி.வி.யில் வந்தபோது ஒரு மாதிரி, பிறகு கடையில் டிஸ்க்காக வந்தபோது வேறு மாதிரி. இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். ஜப்பானில் இது அடிக்கடி நடக்கிற விஷயம்தான்.

2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே 'டிராகன் பால் சூப்பர்' தொடங்கியது. ஆகஸ்டில் 5-ஆம் பகுதி வந்தது. கோகுவுக்கும் பீரஸ் என்ற அழிவுக் கடவுளுக்கும் சண்டை. எல்லாரும் ஆவலோடு பார்த்தால் கோகுவின் முகம் ஒரு பக்கம் கோணல், உடம்பு ஒரு பக்கம் கோணல்! ஜப்பானில் மட்டுமில்லை, வெளிநாட்டு ரசிகர்களும் அந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திக் கேலி செய்தார்கள். பிறகு அதே பகுதி புளூ ரே டிஸ்க்கில் வந்தபோது மோசமான சில காட்சிகளைத் திருத்தியிருந்தார்கள். சிலதைத்தான், எல்லாவற்றையும் இல்லை.

ஏன் முதலிலேயே ஒழுங்காக வரையவில்லை? அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஜப்பான்காரர்கள் செலவைக் குறைக்க ஒரே ஓவியத்தை மூன்று சட்டத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் நொடிக்கு 8 ஓவியம். 20 நிமிடத்துக்கு 1200 நொடி. 1200 × 8 = 9600! பேசுகிற காட்சியில் வாய் மட்டும்தான் அசையும், உடம்பு சும்மா நிற்கும், அதனால் நிஜத்தில் இவ்வளவு வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு பகுதிக்குச் சில ஆயிரம் ஓவியம் வேண்டும். அதுவும் வாரா வாரம்!

முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர்கள் வரைவார்கள். கை கீழே இருப்பது ஒன்று, மேலே போனது ஒன்று. நடுவில் வரும் நிலைகளை இளைய ஓவியர்கள் வரைவார்கள். அவர்களுக்குப் படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி, பீடி சுத்துறவங்களுக்குக் கொடுக்கிற மாதிரி. பிறகு ஒருத்தர் உட்கார்ந்து எல்லா முகமும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவார். நாள் போதவில்லை என்றால் அடிபடுவது இந்தத் திருத்துகிற வேலைதான். பரீட்சையில் மணி அடித்ததும் பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களே, அதே கதை. டிஸ்க் என்பது அந்தப் பேப்பரைத் திரும்பக் கையில் கொடுத்து "முடிச்சுட்டுத் தா" என்று சொல்வது போல.

2011-இல் வந்த 'மடோகா மாஜிகா' என்ற 12 பகுதித் தொடரில் முகங்களை மட்டுமில்லை, பின்னால் தெரியும் அறைகளைக்கூடப் பல இடங்களில் புதிதாக வரைந்து டிஸ்க்கில் சேர்த்தார்கள். முதல் டிஸ்க்கில் இரண்டே பகுதிதான். விலையோ பல ஆயிரம் யென். அப்படிக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை நம்பித்தான் பல தொடர்கள் எடுக்கப்பட்டன. அதனால் "டிஸ்க் விற்கணும்னே டி.வி.யில் வேணும்னு மட்டமா விடுறாங்க" என்று சந்தேகப்படுகிற ரசிகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் வரைந்த ஓவியத்தை ஊரே சிரிக்கும்படி விட எந்த ஓவியருக்கு மனசு வரும்?

எல்லா டிஸ்க்கும் டி.வி.யை விட நன்றாக இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பழைய 'டிராகன் பால் இசட்' சதுரம் போன்ற பழைய டி.வி.க்காக எடுத்தது. அகலம் 4 என்றால் உயரம் 3. அமெரிக்காவில் 2007-இல் அதை அகல டி.வி.க்கு ஏற்ற மாதிரி 16-க்கு 9 என்று டி.வி.டி.யாகப் போட்டார்கள். அகலம் 16 என்றால் உயரம் 12 இருக்க வேண்டுமே? மீதி 3 எங்கே? மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டார்கள்! படத்தில் கால் பங்கு போச்சு. கோகுவுக்கு முடிதானே அழகு, அதையே நறுக்கலாமா? பிலிமில் தெரிந்த புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று மெல்லிய கோடுகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.

டிஸ்க்கில் படம் பளிச்சென்று தெரிய இன்னொரு காரணம் இருக்கிறது. இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

1997 டிசம்பர் 16, மாலை நேரம். ஜப்பானில் 'போக்கிமான்' ஓடிக்கொண்டிருந்தது. பிகாச்சு ஏவுகணைகள் மேல் மின்னலை விட, திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி நொடிக்குச் சுமார் 12 தடவை மின்னியது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தலைசுற்றல், வாந்தி, சிலருக்கு வலிப்பே வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போனவர்கள் 685 பேர். பெரும்பாலும் நம்மைப் போன்ற பிள்ளைகள்! செய்தியில் அந்தக் காட்சியை மறுபடி போட, அதைப் பார்த்தும் சிலருக்கு முடியாமல் போனது. வேகமாக மின்னும் ஒளி, அதிலும் சிவப்பு, சிலருடைய மூளையைக் கலக்கிவிடுகிறது. தனக்கு அப்படி ஆகும் என்று முன்பே தெரியாதவர்களும் உண்டு.

தொடர் நான்கு மாதம் நின்றது. 1998-இல் டி.வி. நிறுவனங்கள் விதி வகுத்தன. ஒளி நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக்கூடாது, சிவப்பில் இன்னும் கவனம் வேண்டும் என்று. "வெளிச்சமான அறையில், தள்ளி உட்கார்ந்து பாருங்கள்" என்ற வரியும் கார்ட்டூன் தொடங்கும்போது வர ஆரம்பித்தது. அதிலிருந்து டி.வி.யில் சண்டைக் காட்சி வந்தால் படத்தை மங்கலாக்கி விடுவார்கள். டிஸ்க்கில் பெரும்பாலும் அந்த மங்கலை எடுத்துவிடுகிறார்கள். ஓவியர் போட்ட நிறம் முழுசாகத் தெரியும். ரசிகர்கள் "ஆகா, எவ்வளவு தெளிவு!" என்கிறார்கள்.

தெளிவு நல்லதுதான், ஆனால் கோணல் முகத்தைத் திருத்துவதையும் இதையும் ஒரே கணக்கில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. டிஸ்க் வாங்குகிறவருக்குத் தம்பி தங்கை இருக்க மாட்டார்களா? மங்கலாக்கிய காட்சியையும் அதே டிஸ்க்கில் வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க விட்டால் என்ன?

'போக்கிமான்' 1998 ஏப்ரலில் திரும்பி வந்தது. பிகாச்சுவும் வந்தது. ஆனால் அன்றைக்கு ஓடிய அந்த ஒரு பகுதியை மட்டும் டி.வி.யில் மறுபடி போடவே இல்லை. திருத்தியோ திருத்தாமலோ டிஸ்க்காகவும் வெளியிடவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி