சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!



நம்ம ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் துபாய், சவுதி, சிங்கப்பூர்னு வேலைக்குப் போயிருக்காங்க. அவங்க லீவுல வந்தா எல்லாரும் கேட்கிற ஒரு கேள்வி, "அங்க காரு விலை கம்மியாமே, ஒண்ணு கொண்டு வந்தா என்ன?" டி.வி., கம்பளி கொண்டு வர்ற மாதிரி காரையும் கொண்டு வர முடியுமா?

முடியாது. 1962-ஆம் வருடச் சுங்கச் சட்டம் 'பயணியின் உடைமை' என்பதில் மோட்டார் வாகனத்தைச் சேர்க்கவில்லை. எனவே கார் வந்தால் அது இறக்குமதிச் சரக்குதான். பரிசாகக் கிடைத்தாலும் அப்படித்தான்.

சச்சின் டெண்டுல்கரையே எடுத்துக்கொள்வோம். 2002-ல் அவர் 29-வது டெஸ்ட் சதம் அடித்து டான் பிராட்மேனைச் சமன் செய்தார். அதற்காக ஒரு ஃபெராரி கார் பரிசாகக் கிடைத்தது. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் அதை இங்கிலாந்தில் கொடுத்தார். அதை இந்தியாவுக்குக் கொண்டுவர ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரி! மத்திய அரசு 2003-ல் விலக்கு கொடுத்தது. "சாதாரண ஆளுக்கு இப்படிக் கொடுப்பீங்களா?" என்று எதிர்ப்பு கிளம்பி, கோர்ட் வரைக்கும் போனது. கடைசியில் ஃபியட் கம்பெனி வரியைக் கட்டியது.

பழைய காரைக் கொண்டுவர முக்கியமான விதிகள்:

1. கார் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
2. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும்.
3. மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடி இருந்தும் அங்கே இறக்க முடியாது.
4. கப்பலில் ஏற்றும் முன்பே சோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கே வந்ததும் புனே போன்ற ஊர்களில் உள்ள சோதனை நிலையத்திலும் பாஸ் ஆக வேண்டும்.

எங்க சித்தப்பா சவுதியில் டிரைவர். அங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும், அதனால் ஸ்டீயரிங் இடது பக்கம். துபாய், கத்தார், குவைத்திலும் அதேதான். எங்க அப்பத்தா ஆசைப்பட்ட காரு இரண்டாவது விதியிலேயே அவுட்!

சரி, சிங்கப்பூர் காருக்கு ஸ்டீயரிங் வலது பக்கம்தானே? அதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் காரின் மதிப்பு 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய காருக்கு வெகுகாலம் இருந்த சுங்க வரி 125 சதவீதம், அதாவது 6,25,000. அந்த வரிக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் வரி 62,500. ஆக 11,87,500. (2025 பட்ஜெட்டில் இந்த வரிகளின் பெயர் மாறியது, பாரம் குறையவில்லை.) இந்த மொத்தத்துக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. பெரிய காருக்கு 40 சதவீதம் என்றால் 4,75,000. கூட்டினால் 16,62,500 ரூபாய்! இதற்குப் பிறகுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு, ஆயுள் வரி எல்லாம்.

"விலையைக் குறைச்சு எழுதிட்டா?" என்று சிலர் கேட்கலாம். சுங்க அதிகாரிகள் நாம் சொல்கிற விலையை அப்படியே எடுப்பதில்லை. அந்தக் கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதில் தேய்மானம் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள்.

வரி கட்டாமல் வந்த காரை வாங்கினாலும் ஆபத்துதான். 2025 செப்டம்பரில் பக்கத்து மாநிலமான கேரளாவில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று ஒரு சோதனை நடத்தியது. பூட்டானிலிருந்து கள்ளத்தனமாக வந்ததாகச் சந்தேகப்பட்டு 30-க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். யார் கையில் வண்டி இருந்ததோ அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஏன் இவ்வளவு வரி? வெளிநாட்டுப் பழைய கார்கள் மலிவாக வந்து குவிந்தால் இங்குள்ள தொழிற்சாலைகளின் கதி என்ன? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1998-லிருந்து ஹூண்டாய் கார் தயாராகிறது. நம்ம ஊர் அண்ணன்கள் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். அதையும் நினைக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கார் மலிவாக எடுத்துத் தர்றேன் என்று யாராவது வந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வருட மாடல்? ஸ்டீயரிங் எந்தப் பக்கம்? சுங்க வரி கட்டிய ரசீது எங்கே? மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். அது யாரோ ஒரு சித்தப்பா வெயிலில் நின்று சம்பாதித்த காசு.

— 9-ஆம் வகுப்பு மாணவி