செம்பனையின் உடலுக்குள் மருந்து: ஏன்? எப்படி?

கிள்ளானுக்குத் தெற்கே, கேரித் தீவிலும் அதனைச் சூழ்ந்த கடலோரச் சமவெளியிலும், தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்த தோட்டங்களில், செம்பனை ஓலையைச் சுரண்டித் தின்று, அவ்வோலைத் துணுக்குகளையே பட்டிழையால் பிணைத்துப் பையாகக் கட்டி அதனுள் ஒளிந்து வாழும் கூடுப்புழுவை, மருந்து தெளித்து ஒழிப்பது ஏன் கடினமாயிற்று?

1950களின் பிற்பகுதியிலிருந்து மலாயாத் தோட்டங்களில் டி.டி.டி. முதலிய தொடுவிஷங்களைத் தாராளமாகத் தெளித்தபோது, பைக்குள்ளிருந்த புழுக்களில் பல தப்பின. அவற்றின் உடலில் முட்டையிட்டு அழிக்கும் நுண்குளவிகளோ பெருவாரியாக மாண்டன. இயற்கைச் சத்ருக்களை இழந்த தோட்டத்தில் புழு முன்னிலும் பெருகிற்று.

ஆகவே 1970களில் பி. ஜே. வுட் முதலிய ஆய்வாளர் வேறு மார்க்கம் கண்டனர். அடிமரத்தில் சாய்வாகத் துளையிட்டு, மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லியைச் சில மில்லிலிட்டர் அளவே செலுத்தி, துளையைக் களிமண்ணால் அடைத்துவிட்டால், வெயிலில் ஓலைகள் நீராவியை வெளிவிடுவதால் உண்டாகும் இழுவிசை, மரத்தின் நீர்க்குழாய்கள் வழியே விஷத்தை உச்சிவரை ஏற்றிவிடுகிறது. ஓலையைத் தின்னும் புழு மடிகிறது. ஓலையின் மேல் விஷம் படியாமையால் குளவிகள் பெரும்பாலும் பிழைக்கின்றன.

எனினும், நரம்புச் செய்தியை அடக்கும் நொதியை முடக்குவதே இவ்விஷத்தின் காரியமாதலால், புழுவுக்கும் மனிதனுக்கும் அதில் பேதமில்லை. எனவே துளையிடும் தொழிலாளியின் கையுறையையும் முகமூடியையும் சிகிச்சையின் அங்கமாகவே கருதவேண்டும்; புழு இளம்பருவத்திலிருக்கும்போதே கணக்கெடுத்து, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரால் அடக்க இயலுமிடத்தில், அதனையே முதலில் நாடுவது தோட்ட நிர்வாகத்தின் தர்மமாகும்.