படகின் செல்ஃபும் பேட்டரி லக்கும்

விசைப்படகின் டீசல் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், சில விநாடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அத்தனையும் பேட்டரி கேபிளின் முனைகளில் மாட்டிய செம்பு லக்குகள் வழியாகத்தான் போயாக வேண்டும். லக்கின் குழாய்க்குள் கேபிளைச் செருகி, இரண்டும் ஒன்றாகும்படி நசுக்குவதே கிரிம்பிங். செல்ஃப் எடுக்காவிட்டால் பழி முதலில் பேட்டரியின் மேல்தான் விழும். புதுப் பேட்டரி வாங்கி வைத்தும் எடுக்காதபோதுதான் லக்கின் நினைவே வருகிறது.

70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளின் தடை மீட்டருக்குச் சுமார் 0.27 மில்லி ஓம். சரியாக அழுத்தாத ஒரே லக்கில் 2 மில்லி ஓம் தடை இருந்தாலே, ஏழு மீட்டர் கேபிளைக் கூடுதலாக இழுத்ததற்குச் சமம். 300 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 0.6 வோல்ட் வீணாகும். 180 வாட் வெப்பமாகும். 12 வோல்ட் எஞ்சினுக்கு இது சிறிய இழப்பல்ல.

நல்ல கிரிம்பிங்கில் இழைகள் வடிவம் மாறி, மேலிருக்கும் ஆக்சைடு படலம் உடைந்து, செம்போடு செம்பு நேராக ஒட்டிக்கொள்ளும். காற்றும் ஈரமும் நுழைய இடைவெளி இராது. இதற்கு, கேபிளின் அளவுக்குப் பொருந்தும் அறுகோண டை போட்ட ஹைட்ராலிக் கருவி வேண்டும். டை பெரிதானால் பிடிப்பு இராது. சிறிதானால் இழைகள் அறும். சுத்தியலும் உளியும் வைத்து அடித்த லக் பார்வைக்கு இறுகியதுபோல் இருக்கும், உள்ளே பாதி வெற்றிடம். சந்தேகம் வந்தால் மாதிரிக்கு ஒரு லக்கை அழுத்தி, ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்ப்பது நல்லது. வெட்டுமுகத்தில் இழைகளுக்கிடையே ஓட்டை தெரியக் கூடாது.

ஈயப்பற்று மட்டும் போதும் என்பாரும் உண்டு. படகுக்கு அது ஆகாது. ஈயம் இழைகளுக்குள் ஊறி கேபிளை விறைக்க வைக்கும். எஞ்சின் அதிர்வில் ஊறல் முடியும் இடத்தில் இழைகள் முறியும். இணைப்பு சூடேறினால் 183 டிகிரி செல்சியஸிலேயே ஈயம் இளகத் தொடங்கும்.

செஞ்சியை அடுத்த தளவானூர் வயல்களில் ஓடும் டிராக்டருக்கும் இதே லக்தான். ஆனால் அங்கே உப்புக்காற்று இல்லை. மரக்காணம் கடற்கரைப் பக்கம் நிற்கும் படகில் உப்பு ஈரம் உறைக்கடியில் இழைகளூடே ஏறி, செம்பைப் பச்சையாக்கித் தின்னும். அதனால் வெள்ளீயம் பூசிய இழைக் கேபிளும், குழாயின் முனை மூடிய, வெள்ளீயம் பூசிய லக்கும் உகந்தவை. செம்புக் கேபிளில் அலுமினிய லக் போடவே கூடாது. செம்பைத் தொட்டிருக்கும் அலுமினியம் உப்பு நீரில் விரைவில் அரிக்கப்பட்டுவிடும்.

உறையை லக் குழாயின் நீளத்துக்கு மட்டும் சீவி, இழை ஒன்றும் அறாமல் செருக வேண்டும். அழுத்தியபின் உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை லக்கையும் உறையையும் சேர்த்து மூடும்படி சுருக்க வேண்டும். வாஷர் லக்கின் மேலே வர வேண்டும், பேட்டரி முனைக்கும் லக்குக்கும் நடுவே அல்ல. கேபிளை அருகிலேயே கிளிப் போட்டுக் கட்டிவிட்டால் அதிர்வு லக்கைத் தாக்காது.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அந்நாட்களில், பச்சை பூத்த லக்குகளை வெட்டி எறிந்து புதிதாக அழுத்திக்கொள்ளலாம்.